பழைய ஸ்வெட்டர், புது உடுப்பு: பிரிப்பதா, வெட்டுவதா, இறுக்குவதா?

குன்னூரில் ஸ்வெட்டர் மார்கழிக்கு மட்டும் பெட்டியிலிருந்து இறங்குகிற சாமான் இல்லை. ஐப்பசி மழைக்கும் வேண்டும், தை மாதப் பனிக்கும் வேண்டும், நடுக் கோடையில் சாயங்காலம் மேகம் இறங்கினாலும் வேண்டும். எங்கள் வீட்டில் எந்த ஸ்வெட்டரையும் தூக்கிப் போட்டதில்லை. எனக்குச் சின்னதாகிப் போனால் அம்மா உடனே பிரிக்க உட்கார்ந்துவிடுவார். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரில் உட்காருவேன். பிரிந்து வருகிற நூல் என் கைகளைச் சுற்றிக்கொண்டே போகும். அடுத்த குளிருக்கு அதே நூல் தம்பியின் மேல் வேறு ஸ்வெட்டராக இருக்கும்.

இப்போது நான் அடுத்தவர்கள் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்களில் அதே வேலையைச் செய்கிறேன். குளிர்காலத்தில் சாலையோரத்தில் குவித்துப் போட்டு விற்பவை, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் விட்டுப் போகிறவை, வீடு காலி செய்கிறவர்கள் கொடுப்பவை என்று எப்படியோ வந்துகொண்டே இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் நான் கற்றது ஒன்றுதான். என்ன தைப்பது என்று நாம் முடிவு செய்துவிட்டு ஸ்வெட்டர் தேடக் கூடாது. ஸ்வெட்டரைப் படிக்கத் தெரிந்தால், அதை என்ன செய்யலாம் என்று அதுவே சொல்லிவிடும். சிலவற்றை நூலாகப் பிரிக்கலாம். சிலவற்றை வெந்நீரில் இறுக்கி, துணிபோல வெட்டித் தைக்கலாம். மிச்சமுள்ளவற்றை அப்படியே ஓரம் கட்டி வெட்டலாம். எது எதற்கு என்பதில் தவறினால் நல்ல கம்பளி பாழாகும், உங்கள் இரண்டு நாள் உழைப்பும் போகும்.

குவியலுக்கு முன்னால் நிற்கும்போது

முதலில் உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கத்து டிசைனைப் பார்த்து மயங்கினால் அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தான் கம்பளி என்று வாங்கி வருவீர்கள். கழுத்துக்குப் பின்னாலோ இடது பக்கத் தையலிலோ லேபிள் இருந்தால் வேலை சுலபம். 100 சதவீதம் கம்பளி, லாம்ப்ஸ்வுல், மெரினோ, காஷ்மீர் (எல்லாம் கம்பளி வகைகள்தான்) என்று இருந்தால் தயங்காமல் எடுங்கள். நூல்கண்டு சுற்றியதுபோல ஒரு முத்திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது உல்மார்க், 1964-இல் வந்தது. கூட வேறு வார்த்தை எதுவும் சேராமல் அந்த முத்திரை மட்டும் இருந்தால் சுத்தமான புதுக் கம்பளி. 'சூப்பர்வாஷ்' என்றோ 'மெஷினில் துவைக்கலாம்' என்றோ போட்டிருந்தால் அதுவும் நல்ல கம்பளிதான், ஆனால் இறுக்குவதற்கு ஆகாது. காரணம் பின்னால் வருகிறது.

லேபிள் வெட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது? உள்தையலில் துருத்திக்கொண்டிருக்கும் நூல் ஒன்றை இரண்டு அங்குலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, நூலின் முனையில் தீ காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், ஏனென்றால் இரண்டும் கெரட்டின் என்ற ஒரே புரதம்தான். தீயை எடுத்ததும் தானாக அணையும். கருகிய முனையை விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும். அக்ரிலிக் அப்படியில்லை. கறுப்புப் புகையோடு பற்றிக்கொண்டு எரியும், உருகிச் சொட்டும், ஆறியதும் கடுகுபோல் கெட்டியான கறுப்பு உருண்டையாக நிற்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும்தான். முடி நாற்றமும் வந்து கெட்டி உருண்டையும் நின்றால் கலப்பு நூல்.

கம்பளிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் கம்பளி தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. மேகத்துக்குள் நடந்து பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு அதுதான் வேண்டும். நீலகிரிக்கென்றே ஒரு செம்மறி இனம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆடுகளோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் போன்ற இனங்களைக் கலந்து வந்தது அது. சாண்டிநல்லாவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் அதை வளர்க்கிறார்கள். கம்பளி தருகிற ஆடு இங்கேயே மேய்கிறது, நாம் பிளாஸ்டிக் நூலைப் போட்டுக்கொண்டு திரிகிறோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்து தையல். பக்கவாட்டுத் தையலை விரித்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளின் ஓரமும் பின்னலாகவே, சங்கிலிபோல ஒழுங்காக முடிந்திருந்தால் அந்த ஸ்வெட்டரின் ஒவ்வொரு பாகமும் அளவாகப் பின்னப்பட்டு, பிறகு கோக்கப்பட்டது. பிரித்தால் நீளமான நூல் கிடைக்கும். மாறாக, ஓரம் வெட்டப்பட்டு பனியனில் இருப்பதுபோல ஓவர்லாக் அடித்திருந்தால், நீளமான துணியாகப் பின்னியதை வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வரியும் ஓரத்தில் அறுந்திருக்கும். அதைப் பிரித்தால் அரை கஜத் துண்டுகளாகத்தான் வரும். அதற்காக வேண்டாம் என்று வைத்துவிடாதீர்கள், கம்பளியாக இருந்தால் இறுக்கலாம்.

கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டைகள் அங்கங்கே தெரிந்தால் அந்துப்பூச்சி வேலை. பூச்சியின் புழுதான் கெரட்டினைத் தின்கிறது. இறுக்கப் போகிற ஸ்வெட்டருக்குச் சின்ன ஓட்டைகள் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பிரிக்கப் போகிற ஸ்வெட்டர் என்றால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு முடிச்சு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை எப்போதும் பெரியதையே எடுங்கள். 42, 44 அளவு ஆண்கள் ஸ்வெட்டர்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டுக்குள் கொண்டுவருமுன்

வாங்கி வந்ததை அலமாரியில் வைக்காதீர்கள், மற்ற கம்பளிகளுக்கும் பூச்சி பரவும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் -18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். அன்றைக்கே வெந்நீரில் இறுக்கப் போவதானால் இது தேவையில்லை, 60 டிகிரிச் சூடே போதும். பிரிக்கப் போவதை மட்டும் தனியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தரையில் பரப்பிக் காய வையுங்கள்.

பிரித்து நூலாக்குவது

பொறுமை வேண்டிய வேலை இது. ஆனால் செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் ஸ்வெட்டரில் 350 முதல் 500 கிராம் வரை நூல் இருக்கும்.

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று முழுத் தையலும் வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டியதுதான். கடை ஸ்வெட்டரின் கோப்புத் தையலும் அதே சங்கிலித் தையல்தான். தையலை மெல்ல விரித்தால் ஒரு பக்கம் சங்கிலிக் கண்ணிகளும் மறுபக்கம் நேர்க்கோடுகளும் தெரியும். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி, முனையைத் தளர்த்தி இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் சிக்கும், மறு திசையில் ஓடும். வெட்டும்போது தையல் நூலை மட்டும் வெட்டுகிறோமா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னலின் ஒரு கண்ணி அறுந்தால் அந்த ஓரம் முழுதும் நூல் துண்டாகும்.

கழுத்துப் பட்டி முதலில், பிறகு கைகள், பக்கவாட்டுகள், தோள் கடைசியில். ஐந்து துண்டுகளும் தனித்தனியே வந்த பிறகு, ஒவ்வொன்றையும் மேலிருந்து, அதாவது பின்னல் முடிந்த இடத்திலிருந்து பிரியுங்கள். கீழே ரிப் (இழுத்தால் விரியும் வரிப் பின்னல்) பக்கம் பின்னல் தொடங்கிய இடம், அங்கிருந்து இழுத்தால் சுலபமாக ஓடாது.

பிரியும் நூலை உருண்டையாகச் சுற்றாதீர்கள். நாற்காலி முதுகில் வளையமாகச் சுற்றுங்கள். நாலு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிக் கழற்றினால் சிட்டம் கிடைக்கும். அது இடியாப்பம்போல் நெளிநெளியாக இருக்கும், கவலை வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிஷம் ஊற வைத்து, துண்டில் அழுத்தி ஈரம் எடுத்து, கொடியில் தொங்கவிடுங்கள். கீழே ஒரு சிறிய கரண்டி எடை போதும். பெரிய எடை தொங்கவிட்டால் நூல் நேராகத்தான் வரும், ஆனால் அதன் துள்ளல் போய்விடும். துள்ளல் இல்லாத நூலில் பின்னிய ஸ்வெட்டர் முழங்கையில் பை விழும்.

துண்டு நூல்களை இணைக்க கம்பளிக்கு முடிச்சு வேண்டியதில்லை. இரண்டு முனைகளிலும் இரண்டு அங்குலம் முறுக்கைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் சொட்டுத் தண்ணீர் விட்டு, சூடு ஏறும்வரை வேகமாகத் தேயுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். அம்மா இதை எச்சில் தொட்டுச் செய்வார். அக்ரிலிக்கிலும் சூப்பர்வாஷிலும் ஒட்டாது.

மெஷினில் பின்னிய ஸ்வெட்டரின் நூல் பெரும்பாலும் மெலிதாக இருக்கும். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். வேறு வேறு நிறத்து இழைகளைச் சேர்த்தால் கடையில் கிடைக்காத கலவை நிறம் வரும். நான் சாம்பலும் கரும்பச்சையும் சேர்த்துப் பின்னிய குல்லாவைப் பார்ப்பவர்கள் எல்லாம் நூல் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள்.

முதல் வேலைக்குக் குழந்தைக் குல்லாதான் நல்லது. நாலு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் அங்குலத்துக்கு 5. தலைச் சுற்றளவு 20 அங்குலம் என்றால் இரண்டு குறைத்து 18-ஐ 5-ஆல் பெருக்க 90 வரும். 2 நிட், 2 பர்ல் ரிப் நாலின் மடங்காக வேண்டும் என்பதால் 88 கண்ணி போடுங்கள். ஆறரை அங்குலம் நேராகப் பின்னி, பிறகு கண்ணிகளைச் சேர்த்துச் சேர்த்துக் குறைத்து, மிஞ்சியவற்றுக்குள் நூலை ஓட்டி இறுக்கி, பின்பக்கம் தைத்துவிடலாம். பின்னல் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இறுக்குவது

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். கம்பளி இழையைச் சுற்றி மீனின் செதில்போல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டால் செதில்கள் விரியும். அந்த நேரத்தில் உராய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று நகர்ந்து பின்னிக்கொள்ளும், பின்னுக்குத் திரும்பாது. பின்னல் மறைந்து கெட்டியான துணியாகிவிடும். கத்தரித்தாலும் ஓரம் பிரியாது. சூப்பர்வாஷ் கம்பளியில் இந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி மேலே ஒரு பூச்சும் பூசியிருப்பார்கள், அதனால்தான் அது இறுகாது.

லேபிளை மட்டும் நம்பி நான் ஒரு முறை மூன்று ஸ்வெட்டர்களை இரண்டு மணி நேரம் வெந்நீரில் போட்டு அடித்தேன். ஒன்று அசையவே இல்லை. அன்றிலிருந்து எந்த ஸ்வெட்டரானாலும் முதலில் ஒரு நூலை இழுத்து, வெந்நீரும் சோப்பும் தொட்டு உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் உருட்டிப் பார்த்துவிடுகிறேன். சின்னக் கெட்டி உருண்டையாக மாறினால் ஸ்வெட்டரும் இறுகும்.

மெஷினில் செய்வதானால் ஸ்வெட்டரை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டுங்கள். உதிரும் பஞ்சு மெஷினின் குழாயை அடைத்துவிடும், இதில் சோம்பல் வேண்டாம். உராய்வுக்கு ஒரு பழைய ஜீன்ஸ் பேன்ட் கூடப் போடுங்கள். துவாலை வேண்டாம், அதன் நூல் கம்பளிக்குள் ஏறிவிடும். சூடு 60 டிகிரி, துணி சோப்புத் தூள் ஒரு கரண்டி. சூடேற்றும் வசதி இல்லாத மெஷின் என்றால் எவ்வளவு சூடு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள்.

மெஷின் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அண்டாவில் வெந்நீர், சீவிய பார் சோப்பு, ரப்பர் கையுறை, துணி துவைக்கிற கல். பத்து நிமிஷம் வெந்நீரில் அலசி, கல்லில் தேய்த்து, குளிர்ந்த நீரில் முக்கி, மறுபடி வெந்நீர். மூன்று நான்கு சுற்றில் இறுகத் தொடங்கும். கல்லில் தேய்க்கும்போது முன், பின், கை எல்லாவற்றையும் ஒரே அளவு தேயுங்கள். இல்லாவிட்டால் ஒரு கை மட்டும் குட்டையாகும்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கையால் அகலமாக இழுத்தாலும் கண்ணிகள் தெரியாவிட்டால் போதும். அதற்கு மேல் போனால் கம்பளம்போல விறைத்து, உடுப்புக்கு ஆகாது. 20 முதல் 40 சதவீதம் வரை சுருங்கும், பெரும்பாலும் அகலத்தைவிட நீளம் அதிகமாக. அடர்ந்த சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தனியே போடுங்கள், சாயம் விடும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போக அலசி, சுருக்கம் நீவி, நிழலில் பரப்புங்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் காய மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு கோட்

என் அண்ணன் மகளுக்குத் தைத்தது. 23 அங்குல மார்புச் சுற்றளவுக்கு இந்தக் கணக்கு. இரண்டு ஸ்வெட்டர் வேண்டும்: உடம்புக்கும் கைக்கும் ஒன்று, இறுகிய பிறகு தரையில் பரப்பினால் 15 அங்குல அகலம் இருக்க வேண்டும். பட்டிக்கும் காலருக்கும் வேறு நிறத்தில் இன்னொன்று, அதையும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்வெட்டரின் கைகளை வெட்டி எடுங்கள். பக்கவாட்டையும் தோளையும் தையலை ஒட்டி வெட்டி, கழுத்துப் பட்டியை நீக்குங்கள். பெரியவரின் ஸ்வெட்டர் ஏற்கனவே கீழே ரிப்போடு முடிந்திருக்கிறது. அதையே கோட்டின் கீழ் ஓரமாக வைத்துக்கொண்டால் கீழே மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கையின் மணிக்கட்டு ரிப்பும் அப்படித்தான். வெட்டும்போதெல்லாம் அளவைக் கீழிருந்து மேலே எடுப்பது அதனால்தான்.

பின்பக்கம்: 15 அங்குல அகலம், ரிப்பிலிருந்து மேலே 16 அங்குல நீளம். பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்குப் போக 14 நிற்கும். கழுத்து அகலம் 5, ஆழம் முக்கால் அங்குலம். தோள் ஓரத்தில் முக்கால் அங்குலம் சரிவு. கைக்குழி வளைவு வேண்டாம், நேராகவே விடுங்கள். தோள் சற்று இறங்கி நிற்கும், குழந்தைக்கு அதுதான் வசதி.

முன்பக்கம்: பின்பக்கத்தின் மேல் வைத்து அதே அளவில் வெட்டி, கழுத்தை மட்டும் இரண்டரை அங்குலம் ஆழமாக்குங்கள். பிறகு நடுவில் நெட்டாக இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் நடு ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் கழித்துவிடுங்கள். அந்த இடத்தைப் பட்டன் பட்டி நிரப்பும்.

கை: ரிப்பிலிருந்து மேலே 13 அங்குலம், வளர்வதற்காகக் கூட ஒன்றரை. மேல் அகலம் மடித்த நிலையில் ஆறரை, அதில் அரை அங்குலம் தையலுக்கு. மேல் ஓரம் நேராக இருக்கட்டும். பெரியவர் கையே இறுகியபின் கிட்டத்தட்ட இந்த அளவில் இருக்கும், கொஞ்சம்தான் செதுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஸ்வெட்டரிலிருந்து 2 அங்குல அகலத்தில் இரண்டு பட்டிகள், முன் ஓர நீளத்துக்கு. காலருக்கு இரண்டரை அங்குல அகலப் பட்டி ஒன்று, நீளம் பின்னால் அளந்துகொள்ளலாம்.

தைப்பதற்கு மெஷினில் 16-ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். அழுத்தும் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். பெடல் மெஷினே போதும், ஜிக்ஜாக் இருந்தால் நல்லது. கத்தரித்த சின்னத் துண்டில் ஒரு கோடு ஓட்டிப் பார்த்த பிறகு கோட்டைத் தொடுங்கள்.

தோள்கள் முதலில். தைத்ததும் உள்பக்கம் நிற்கும் இரண்டு ஓரங்களையும் இரு பக்கமும் பிரித்து விரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தையல் ஓட்டுங்கள். கெட்டித் துணி என்பதால் இப்படிப் படிய வைக்காவிட்டால் தோளில் கட்டையாக உறுத்தும். அப்புறம் உடம்பை விரித்துப் போட்டு, தோள் தையலின் நேரே கையின் நடுவை வைத்து, இரு பக்கமும் ஆறு அங்குலம் வரை கையைத் தையுங்கள். பிறகு மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் ரிப் வரை ஒரே ஓட்டமாகத் தைத்தால் கையும் பக்கவாட்டும் சேர்ந்து மூடிவிடும். மணிக்கட்டுப் பக்கத்தில் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் தையல் ஓரத்தை வெளிப்பக்கம் வரும்படி மாற்றிவிடுங்கள், கை மடித்துப் போடும்போது உள்ளே மறைந்துவிடும்.

பட்டியை முன் ஓரத்துக்கு அடியில் அரை அங்குலம் நுழைத்து, மேலே இரண்டு வரி தையல் போடுங்கள். ஓரம் மடிக்க வேண்டாம், இறுகிய கம்பளி பிரியாது. வேறு நிறத்துப் பட்டியின்மேல் வெட்டிய ஓரம் அப்படியே தெரிவது தனி அழகு. காலரையும் கழுத்து ஓரத்துக்கு அடியில் இதேபோல் வையுங்கள். இழுத்துத் தைக்காதீர்கள், கழுத்து சுருங்கி நிற்கும். பட்டி முனையிலிருந்து அளந்து, மிச்சத்தைப் பிறகு நறுக்குங்கள்.

ஐந்து பட்டன் போதும். மரப் பட்டனோ தேங்காய்ச் சிரட்டைப் பட்டனோ இந்தத் துணிக்குப் பொருந்தும். காஜாவுக்குப் பட்டனின் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, கம்பளி நூலால் கையால் சுற்றித் தைத்தால் விரியாமல் இருக்கும். பட்டனுக்கு உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தையுங்கள், குழந்தை இழுத்தாலும் பிய்ந்து வராது.

கடைசியாக அயர்ன் பாக்ஸைக் கம்பளி அளவில் வைத்து, ஈரத் துணி விரித்து, தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். தையல்கள் ஆவியில் படிந்துவிடும்.

அக்ரிலிக்கும் பருத்தியும்

இவை இறுகாது, வெட்டினால் கண்ணி ஓடும். வெட்ட வேண்டிய கோட்டைச் சாக்பீஸால் வரைந்து, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளிச் சின்னத் தையலாக இரண்டிரண்டு வரி ஓட்டிவிட்டு, அதன் பிறகு நடுவில் வெட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் டெய்லரிடம் ஓரம் அடித்து வாங்கினால் இன்னும் உறுதி. முன் திறக்காத ஸ்வெட்டரை நடுவில் வெட்டி முன் திறக்கும் ஸ்வெட்டராக மாற்றுவதுதான் இதற்கு ஏற்ற வேலை. வயதானவர்களுக்குக் கையைத் தூக்கித் தலை வழியாகப் போடுவது கஷ்டம், பெரியம்மாவுக்கு இரண்டு இப்படி மாற்றிக் கொடுத்தேன். முன் பட்டிக்குத் திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ரிப் துணி வாங்கி வரச் சொல்லலாம். அக்ரிலிக் மேல் சூடான அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள். ஒரே முறையில் தொளதொளவென்று ஆகும், மறுபடி திரும்பாது.

மிஞ்சிய துண்டுகள்

இறுகிய துண்டில் குழந்தையின் கையை விரல்கள் சேர்த்து வைத்து, சுற்றி அரை அங்குலம் தள்ளி வரைந்து வெட்டினால் கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை. மணிக்கட்டுப் பக்கம் ரிப் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னத் துண்டுகள் முழங்கை ஒட்டுக்கு. அதற்கும் ஆகாத நறுக்குகளைக்கூட நான் பையில் சேர்த்து வைக்கிறேன், குஷனுக்குள் அடைக்கலாம். பழைய கம்பளியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் முறையை இங்கிலாந்தின் பாட்லி ஊரில் 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் தொடங்கினார். இன்று ஹரியானாவின் பானிபட்டில் அதுவே பெரிய தொழில். நாம் மலிவாக வாங்கிப் போர்த்திக்கொள்ளும் எத்தனையோ போர்வைகள் யாரோ எங்கோ போட்ட ஸ்வெட்டர்கள்தாம்.

எடுத்து வைப்பது

குளிர்ந்த நீரில் கையால் மட்டும் அலசுங்கள். வெயில் காலத்தில் எடுத்து வைக்குமுன் கட்டாயம் துவைக்க வேண்டும், வியர்வையும் சோற்றுக் கறையும் இருக்கும் இடத்தைத்தான் புழு முதலில் தேடும். கைக்குழந்தையின் உடுப்புகளில் மட்டும் அந்துருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அந்தக் குறை இருப்பது முன்கூட்டி நமக்குத் தெரியாது. காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பதே போதும்.

அண்ணன் மகளின் கோட்டில் கூடுதலாக விட்ட ஒன்றரை அங்குலத்தை இந்த வருஷம் வெளிப்பக்கம் மடித்துவிட்டிருக்கிறேன். மடிப்பு நழுவாமல் இருக்க இரண்டே இரண்டு கைத்தையல். அடுத்த தை மாதம் அவற்றைப் பிரித்தால் கை சரியாக இருக்கும்.